கைப்பேசி வாங்கும் முன் அலைகளைப் பாருங்கள்

"பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை செலவு செய்யலாம் என்று இருக்கிறேன். எந்தப் போன் வாங்கட்டும்?" நம் சங்கத்துக்கு வரும் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வானொலி, தொலைபேசிக் கருவிகளோடு நெடுங்காலம் பழகியவன் என்பதால் நான் ஒரு பெயரைச் சொல்வேன், அதை வாங்கிவிடலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. இந்த மாதம் சொன்ன மாடல் அடுத்த ஆண்டு கடையில் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு உதவும். அதற்கான பாடமே இது.

கேமராவைப் பற்றியும் திரையைப் பற்றியும் கடைக்காரரே விரிவாகச் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது கம்பியில்லாத் தொடர்பு பற்றிய விவரங்களை. தில்லியில் வாழும் நமக்கோ அவைதான் முதல் தேவை. அப்பா அம்மா திருநெல்வேலியில், அண்ணன் கோயம்புத்தூரில், பிள்ளை பெங்களூரில் என்று சிதறி இருக்கும் குடும்பங்கள் நம்முடையவை. நள்ளிரவில் ஊரிலிருந்து வரும் ஓர் அழைப்பு நம் கைக்கு வந்து சேர வேண்டும். கைப்பேசியின் முதல் வேலை அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

1. இரு கை தட்டினால்தான் ஓசை

இந்தப் பாடம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கம்பியில்லாத் தொடர்பில் ஒரு வசதி இரு முனையிலும் இருந்தால்தான் பயன்.

கைப்பேசியில் வைஃபை 6 இருந்து வீட்டு ரூட்டர் வைஃபை 4 ஆக இருந்தால், இரண்டும் வைஃபை 4 மொழியில்தான் பேசிக்கொள்ளும். கைப்பேசியில் உயர்தர ஒலி வசதி இருந்து காதணிக் கருவியில் அது இல்லாவிட்டால், சாதாரண ஒலிதான் வரும். உங்கள் கைப்பேசி 5ஜி என்றாலும் உங்கள் தெருவில் உள்ள டவர் எந்த அலையில் பேசுகிறதோ அந்த அலை போனில் இல்லை என்றால் 5ஜி கிடைக்காது. ஆகவே எந்த விவரத்தைப் படித்தாலும் "மறுமுனையில் இது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பாதி விளம்பரங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

2. தவிலும் ஜால்ராவும்

கைப்பேசி, வைஃபை, புளூடூத் எல்லாமே வானொலி அலைகள்தாம். அவற்றுக்குள் வேறுபாடு அலைவரிசையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தெரு தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தவிலின் கனத்த ஓசை சுவரைக் கடந்து வந்துவிடும். ஜால்ராவின் கூரிய ஓசை வராது. வானொலி அலைகளும் ஏறக்குறைய இப்படித்தான். அலைவரிசை எண் குறைவாக இருந்தால் தூரம் போகும், சுவரைக் கடக்கும். எண் அதிகமாக இருந்தால் தூரம் குறையும், சுவரில் தடுக்கும். ஆனால் அங்கே அகலமான பாதை கிடைப்பதால் நிறையத் தகவலைச் சுமக்கும்.

நம் நாட்டில் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. 3,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 9 செ.மீ. 5ஜிக்காக ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ ஒரு செ.மீட்டருக்குச் சற்று அதிகம்தான். முதலாவது தவில், கடைசியானது ஜால்ரா. கச்சேரிக்கு இரண்டும் வேண்டும், கைப்பேசிக்கும் அப்படியே.

3. டவரோடு பேசும் அலைகள்

கைப்பேசி நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் விவரப் பட்டியல் இருக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் திறந்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை தெரியும். ஆங்கில 'பி' எழுத்தோடு வருபவை 4ஜி அலைகள். சிறிய 'என்' எழுத்தோடு வருபவை 5ஜி அலைகள். பெரும்பாலோர் இந்த வரிசையைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நாம் படிக்க வேண்டியது இதைத்தான்.

இந்தியாவில் 4ஜி அலைகள் பொதுவாக இப்படிப் பங்கிடப்பட்டுள்ளன:

ஜியோ: பி5 (850 மெகாஹெர்ட்ஸ்), பி3 (1800), பி40 (2300).

ஏர்டெல்: பி8 (900), பி3 (1800), பி1 (2100), பி40 (2300).

வி.ஐ.: பி8 (900), பி3 (1800), பி1 (2100), பி41 (2500).

பி.எஸ்.என்.எல்.: பி28 (700), பி1 (2100).

நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வட்டத்துக்கு வட்டம் இதில் சிறு மாற்றம் இருக்கும். இந்தப் பட்டியலில் 1,000க்குக் கீழே உள்ள எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீட்டின் உள்ளறையிலும், ரயில் காட்டு வழியே போகும்போதும் நம்மைக் காப்பாற்றுபவை அவைதாம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் மகாராஷ்டிரத்தின் காட்டுப் பகுதியைக் கடந்தவர்களுக்கு சிக்னல் வருவதும் போவதும் பழக்கம். அங்கே எட்டும் அலை பெரும்பாலும் தவில் வகைதான்.

பி28ஐப் பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஊரில் பி.எஸ்.என்.எல். மட்டுமே நன்றாக எடுக்கும் என்கிற நிலையில் இருப்பவர்கள், புதுப் போனின் 4ஜி வரிசையில் 28 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் 2100 அலை மட்டுமே கிடைக்கும். அது வீட்டுக்குள் அந்த அளவுக்கு நுழையாது.

இனி 5ஜி. நம் நாட்டில் இது 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோ, ஏர்டெல் இரண்டுக்கும் பொதுவான முதன்மை அலை என்78 (3,300 மெகாஹெர்ட்ஸ் பகுதி). ஜியோ கூடுதலாக 700 மெகாஹெர்ட்ஸ் அலையையும் வாங்கியது. பட்டியலில் அது என்28. ஜியோ தனித்து இயங்கும் 5ஜி முறையையும், ஏர்டெல் 4ஜியைத் துணையாகக் கொண்ட முறையையும் கொண்டு தொடங்கின. பட்டியலில் இவை முறையே 'எஸ்.ஏ.', 'என்.எஸ்.ஏ.' என்று குறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் இருந்தால் எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் கவலை இல்லை.

2020, 2021இல் வெளிவந்த 5ஜி போன்கள் சிலவற்றில் என்78 ஒன்று மட்டுமே இருந்தது. பழைய போன்களை விற்கும் கடைகளில் இவை இன்றும் '5ஜி' என்றே விலைபோகின்றன. சேவை தொடங்கிய நாளில் பல புதுப் போன்களிலும் 5ஜி வேலை செய்யவில்லை. நிறுவனங்கள் மென்பொருளைப் புதுப்பித்துத் தந்த பிறகே இயங்கின. ஆப்பிள் போன்களுக்கே 2022 டிசம்பரில்தான் அது வந்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட '5ஜி' என்ற சொல் பாதித் தகவல்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சரியான அலை போனில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. அதனால் சூடாகிறது, பேட்டரி விரைவில் இறங்குகிறது. பேட்டரி சரியில்லை என்று குறைப்படும் பலருக்கு உண்மையில் சிக்னல்தான் சரியில்லை.

4. இரண்டு சிம் உள்ளவர்கள்

வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு எண் வைத்திருப்பது சாதாரணம். ஊர் எண்ணில்தான் வங்கிக் கணக்கும் ஆதாரும் சமையல் எரிவாயுவும் இணைக்கப்பட்டிருக்கும், ஓ.டி.பி. அங்கேதான் வரும். அலுவலகத்துக்கு இங்கே வாங்கிய எண். ஆகவே இரண்டு சிம் இடத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலில், இரண்டாவது இடம் தனியாக இருக்கிறதா, அல்லது மெமரி கார்டோடு பங்கு போட்டதா என்று பாருங்கள். பங்கு போட்டதை 'ஹைப்ரிட்' என்பார்கள். அதில் இரண்டாவது சிம் போட்டால் மெமரி கார்டு போட முடியாது. பேரன் பேத்தி படங்களைச் சேர்த்து வைக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இது பெரிய இடைஞ்சல்.

அடுத்து, இந்த விலையில் உள்ள போன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஆனால் பேசுவது ஒன்றில்தான். ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு வருபவருக்குத் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற பதில் போகும். சில போன்களில், பேசிக்கொண்டிருக்கும் சிம்மின் இணையத்தின் வழியாகவோ வைஃபை வழியாகவோ மற்ற சிம்மின் அழைப்பை ஏற்கும் அமைப்பு உண்டு. வயதான பெற்றோர் ஊர் எண்ணுக்கு மட்டுமே அழைப்பார்கள் என்றால், இந்த அமைப்பு உள்ள போனுக்கு முதலிடம் தரலாம்.

5. வீட்டுக்குள் அழைப்பு வருமா?

4ஜியில் பேச்சும் இணையத் தகவலாகவே போகிறது. இதற்கு வோல்டி என்று பெயர். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ தொடங்கியபோது அதற்கு 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது. வோல்டி இல்லாத போனில் நேரடி அழைப்புப் பேச முடியாமல் போனது. இன்று கடையில் உள்ள நடுத்தர விலைப் போன்கள் எல்லாவற்றிலும் வோல்டி இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேட்க வேண்டியது வைஃபை அழைப்பு பற்றி. அடுக்ககத்தின் கீழ்த்தளம், நாலு பக்கமும் கட்டடம், உள்ளறையில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. ஆனால் வீட்டில் பிராட்பேண்ட் நன்றாக இருக்கிறது. அப்போது டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகவே உங்கள் வழக்கமான எண்ணுக்கு அழைப்பு வந்து சேரும். வாட்ஸ்அப் வேண்டாம், தனிச் செயலி வேண்டாம். அழைப்பவர் சாதாரண பட்டன் போனில் அழைத்தாலும் போதும். இந்த வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரில் தில்லிப் பகுதியில் தொடங்கியது. ஜியோ 2020 ஜனவரியில் தொடங்கியது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மயூர் விஹாரில் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஊரில் அம்மாவுக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டுக்காரர் ஆறு முறை மகனை அழைத்திருக்கிறார், ஒன்றும் எட்டவில்லை. காலையில் பால் வாங்க வெளியே வந்தபோது தவறிய அழைப்புச் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. நல்ல வேளையாக அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது, போனிலும் வைஃபை அழைப்பு வசதி இருந்தது. அமைப்புப் பகுதியில் அதை இயக்கி வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது இயக்கி வைத்திருக்கிறார்கள். ரூட்டருக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் வாங்கிவிட்டார்கள். மின்சாரம் போனால் ரூட்டரும் போய்விடும், அழைப்பும் போய்விடும் அல்லவா?

உங்கள் வீட்டில் சிக்னல் குறைவு என்றால், வாங்க நினைக்கும் மாடல் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வைஃபை அழைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

6. வீட்டு வைஃபை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரூட்டர் காட்டும் இரண்டு பெயர்களில் ஒன்றின் முடிவில் '5ஜி' என்று இருக்கும். அது ஐந்தாம் தலைமுறையைக் குறிப்பதன்று; 5 கிகாஹெர்ட்ஸ் அலை என்று பொருள். டவரின் 5ஜிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. 4ஜி போனிலும் அந்த வைஃபை வேலை செய்யும்.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடக்கும். ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று படாத தடங்கள் மூன்றே மூன்று (1, 6, 11). நாற்பது வீடுகள் உள்ள அடுக்ககத்தில் நாற்பது ரூட்டர்களும் அந்த மூன்று தடங்களில் முட்டி மோதுகின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அதே பகுதியில்தான். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் பல, நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும்.

நடுத்தர விலைப் போன் எதுவாக இருந்தாலும் இரண்டு அலையும் இருக்க வேண்டும். பட்டியலில் 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்கும். மலிவுப் போன்கள் சிலவற்றில் 2.4 மட்டுமே உண்டு. அவற்றின் வைஃபை இணைப்பு வேகம் பெரும்பாலும் 72 மெகாபிட்டோடு நின்றுவிடும். உண்மையில் கிடைப்பது அதற்கும் குறைவு. நீங்கள் 100 மெகாபிட் திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டினாலும் அந்தப் போனில் அது வந்து சேராது.

வைஃபை 5, வைஃபை 6 இவற்றில் எதைத் தேர்வது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றை ஆன்டெனா உள்ள வைஃபை 5 போனின் இணைப்பு வேகம் 433 மெகாபிட். இரட்டை ஆன்டெனா என்றால் 866. நடைமுறையில் இதில் பாதி கிடைத்தாலும் 100 மெகாபிட் திட்டத்துக்குத் தாராளம். வைஃபை 6இன் உண்மையான சிறப்பு, பல கருவிகள் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும்போது நேரத்தைச் சீராகப் பங்கிட்டுத் தருவது. அதற்கும் ரூட்டர் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். இல்லாதவர்கள் வைஃபை 6க்காக இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

7. புளூடூத்

5.0, 5.2, 5.4 என்று எண் ஏற ஏற ஒலி நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2016இல் வந்த 5.0இன் கூடுதல் வேகமும் தூரமும் கைக்கடிகாரம் போன்ற குறைந்த மின்சக்திக் கருவிகளுக்கானவை. பாட்டுக் கேட்கும் வழக்கமான முறை அதற்கு முன்பிருந்ததுதான்.

ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது 'கோடெக்', அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. எஸ்.பி.சி. என்பது எல்லாக் கருவிகளிலும் உண்டு. அதற்கு மேல் ஏ.ஏ.சி., ஆப்ட்எக்ஸ், எல்.டி.ஏ.சி. என்று சில. எல்.டி.ஏ.சி. சோனி உருவாக்கியது; நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். தம்புராவின் நாதமும் வீணையின் கமகமும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பவர்கள், போனிலும் காதணிக் கருவியிலும் ஒரே உயர்தரக் கோடெக் இருக்கிறதா என்று பார்க்கலாம். இங்கும் இரு கை தட்ட வேண்டும்.

இசை கற்கும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு குறிப்பு. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். சாதாரணக் கருவிகளில் நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற அளவில் இருக்கலாம். பேச்சுக்கு அது தெரியாது. சென்னையில் உள்ள குருவிடம் இணையம் வழியாக மிருதங்கம் கற்கும் பிள்ளைக்குத் தாளம் பிசகும். இணையத்தின் தாமதம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இதையும் சேர்க்க வேண்டாம். அத்தகைய வீட்டில் கம்பி இயர்போன் செருகும் துளை உள்ள போனே சிறந்தது.

செவித்திறன் குறைந்த பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பொருத்தமான காது கேட்கும் கருவிக்குப் போனின் ஒலியை நேரடியாக அனுப்பும் முறை உண்டு. புளூடூத் 5.2வுடன் வந்த 'எல்.ஈ. ஆடியோ' அடுத்த படி. எல்லாப் போனும் எல்லாக் கருவியோடும் ஒத்துப்போவதில்லை. கருவி வாங்கிய நிலையத்தில் எந்தப் போன்கள் பொருந்தும் என்று கேட்ட பிறகு போன் வாங்குங்கள்.

8. என்.எஃப்.சி., ஜி.பி.எஸ்.

என்.எஃப்.சி. என்பது நாலு செ.மீ. தூரத்துக்குள் பேசும் அலை. இது இல்லாவிட்டாலும் யு.பி.ஐ. பணம் செலுத்தலாம், கட்டச் சின்னத்தைப் படம் பிடிக்க கேமரா போதும். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் வேறு அலையில் இயங்குவது. அதற்கும் இது வேண்டாம். வங்கி அட்டைக்குப் பதில் போனையே கருவிமேல் காட்டிப் பணம் செலுத்தவும், 2023இல் வந்த யு.பி.ஐ. லைட் எக்ஸ் முறையில் இணையம் இல்லாமல் போனுக்குப் போன் பணம் அனுப்பவும் இது தேவை. இவற்றைப் பயன்படுத்துவோருக்கு நல்ல வசதி. மற்றவர்களுக்கு விலைதான் கூடும்.

ஜி.பி.எஸ். எல்லாப் போனிலும் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைக் கேட்பது மட்டுமே அதன் வேலை என்பதால் இணையம் இல்லாமலும் இடம் தெரியும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். நம் இஸ்ரோ உருவாக்கிய நாவிக், ஐரோப்பாவின் கலிலியோ முதலியவையும் பட்டியலில் இருந்தால் கூடுதல் நன்மை. அதற்காக மட்டும் போனை மாற்ற வேண்டாம்.

9. வெளிநாட்டுப் போனும் பழைய போனும்

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டு வரும் போனும் இங்கே விற்கும் போனும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் அலைகளில் மாறுபடலாம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 மாடலிலிருந்து (2022) சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்ட போன்களும் உண்டு. கொண்டு வருமுன் மாடல் எண்ணைக் கேட்டு மேலே சொன்ன அலைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கரோல்பாக் கஃபார் மார்க்கெட் போன்ற இடங்களில் பழைய போன் வாங்குவோர் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று எழுதி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் விவரம் வரும். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டிருந்தாலும் தெரிந்துவிடும்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள். உடல் உறிஞ்சும் அளவுக்கு நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் வைக்கப்பட்ட உச்சவரம்பு கிலோகிராமுக்கு 1.6 வாட். *#07# அழுத்தினால் பல போன்களில் அந்த அளவு தெரியும்.

10. ஒப்பிட்டுப் பார்ப்போம்

பாடத்துக்காக நானே அமைத்த இரண்டு போன்கள்:

போன் அ, ரூ. 17,000: 4ஜியில் பி1, 3, 5, 8, 28, 40, 41. 5ஜியில் என்28, என்78 உட்படப் பல. வைஃபை 5, இரு அலை. புளூடூத் 5.1. என்.எஃப்.சி. இல்லை. இரண்டு சிம்மும் மெமரி கார்டும் தனித்தனி இடம். வைஃபை அழைப்பு உண்டு.

போன் ஆ, ரூ. 19,500: 4ஜியில் பி1, 3, 5, 8, 40, 41. 5ஜியில் என்77, என்78. வைஃபை 6. புளூடூத் 5.4. என்.எஃப்.சி. உண்டு. ஹைப்ரிட் இடம். வைஃபை அழைப்பு உண்டு.

எண்களை மட்டும் பார்த்தால் 'ஆ' உயர்ந்தது. இங்கே ஜியோ, ஊரில் பி.எஸ்.என்.எல்., வீட்டில் சாதாரண ரூட்டர் என்றிருக்கும் குடும்பத்துக்கு 'அ'வே சரி. தவில் அலைகள் இரண்டும் (பி28, என்28) அதில்தான் இருக்கின்றன. இரண்டு சிம்மோடு மெமரி கார்டும் போடலாம். 2,500 ரூபாயும் மிச்சம். ஏர்டெல் ஒன்றே வைத்திருப்பவர், வீட்டில் வைஃபை 6 ரூட்டர் உள்ளவர், போனைக் காட்டியே பணம் செலுத்துபவர் என்றால் அவருக்கு 'ஆ' பொருத்தம். நல்ல போன் என்று பொதுவில் ஒன்று கிடையாது. உங்கள் வீட்டுக்கும் உங்கள் ஊருக்கும் நல்ல போன் என்றுதான் உண்டு.

11. கடைக்குப் போகுமுன்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

(அ) இங்கே எந்த நிறுவனம், ஊரில் எந்த நிறுவனம்.

(ஆ) அவற்றின் அலை எண்கள். குறிப்பாக 1,000க்குக் கீழே உள்ளவை.

(இ) வீட்டு ரூட்டர் எந்த வகை, திட்டத்தின் வேகம் என்ன.

(ஈ) வீட்டுக்குள் சிக்னல் எப்படி. வைஃபை அழைப்பு வேண்டுமா.

(உ) ஏற்கெனவே உள்ள காதணிக் கருவி, கேட்கும் கருவி, கைக்கடிகாரம் எவை.

வாங்கிய பிறகு, திருப்பித் தரும் கெடு முடியுமுன் உங்கள் சிம்களைப் போட்டு வீட்டின் உள்ளறையில் நின்று பேசிப் பாருங்கள். ஒரு சிம்மில் பேசும்போது மற்றதற்கு யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். டவர் சிக்னலை நிறுத்தி, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு அழைப்பு வருகிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலை.

12. பயிற்சி

வீட்டில் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு விடை காணுங்கள்.

கேள்வி 1: ரூட்டர் '5ஜி' என்று காட்டுகிறது. அதில் இணைய 5ஜி போன் வாங்க வேண்டுமா?

கேள்வி 2: உள்ளறையில் வைஃபை தளர்கிறது. 2.4, 5 இரண்டில் எதற்கு மாறிப் பார்க்கலாம்?

கேள்வி 3: புளூடூத் 5.4 போனோடு பழைய 4.2 காதணிக் கருவியை இணைத்தால் ஒலி உயருமா?

கேள்வி 4: பாட்டிக்கு ஊரில் புதுப் போன். அவர் வைத்திருப்பது பி.எஸ்.என்.எல். எந்த எண்ணைத் தேடுவீர்கள்?

விடைகள்: 1. வேண்டாம், அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 2. 2.4க்கு. 3. உயராது, இரு முனையும் ஒத்திருக்க வேண்டும். 4. 4ஜி வரிசையில் 28.

நான்காவது கேள்விக்கு விடை கண்டவர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரின் போனையும் கையில் எடுத்து அந்த வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நம் போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மறுமுனையில் இருக்கும் கையும் தட்ட வேண்டும்.